மதியம் ஒன்று முதல் மூன்று வரை

அத்தியாயம் 9

பன்னிரண்டு ரொட்டிகள் வந்து இறங்கின. பன்னிரண்டும் கறுப்பு.

மேசையில் கிடந்த அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு வீட்ஸ்கெ தன் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். யாருக்கு என்ன ரொட்டி, எத்தனை என்று முதல் நாள் மாலையே கார் இழுத்துவரும் கேரவன் வீடுகள் நிற்கும் இந்தத் திடலின் வரவேற்பறைச் சுவரில் தொங்கும் தாளில் குறித்துவிட வேண்டும். விடிந்தால் பை தயாராக இருக்கும். நான்கு வெள்ளை ரொட்டி என்று சொல்லித்தான் கெர்பெனை அனுப்பியிருந்தாள்.

“கறுப்புதான் உடம்புக்கு நல்லது” என்றான் கெர்பென், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

“பன்னெண்டுமா?”

“நாளைக்கும் ஆகும்.”

வேறொரு வருஷமாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் அவனைக் கிண்டல் செய்திருப்பார்கள். இன்று யாருக்கும் வாய் வரவில்லை. மகள் நின்கெ ஒரு ரொட்டியை இரண்டாகக் கீறி, ஊரிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் தூளை அதன்மேல் கொட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

நேற்று நடந்த கூத்து அப்படி. அதை நேரில் பார்க்காதவர்களுக்காக மறுபடி சொல்லிவிடலாம்.

முப்பத்து நாலு வருஷம் லேவார்டன் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் கெர்பென். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவன் வாழ்நாள் பெருமை. அப்பேர்ப்பட்டவன், நேற்று மதியம் இந்த ஹின்டர்பாக் மலைத் திடலில், பதினேழாம் எண் இடத்துக்குள் கேரவனைப் பின்னுக்கு எடுக்கும்போது தண்ணீர்க் குழாய்க் கம்பத்தை இடித்துச் சாய்த்துவிட்டான். புதிதாக ஒரு கேரவன் வந்து பின்வாங்குகிறது என்றால் சுற்றியிருக்கும் சக டச்சுக்காரர்கள் அத்தனை பேரும் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து நின்றுவிடுவார்கள். ஆல்ப்ஸ் மலையைப் பார்க்க வந்தவர்களுக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது. தண்ணீர் பீய்ச்சி அடிக்க, அத்தனை பேர் முன்னாலும் கெர்பென் இறங்கி வந்து மனைவியைப் பார்த்து, “கைய எங்க காட்டின நீ?” என்று கேட்டான்.

வீட்ஸ்கெ இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். இரண்டு கை என்றால் நிறுத்து. இருபத்தேழு கோடைகளாக அதற்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை. ஆனாலும் அவள் பாத்திரத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

இப்படி அவள் விழுங்கியது இன்று நேற்று அல்ல. ஜூலை பிறந்தால் போதும், ஆறு மீட்டர் நீளமும் இரண்டேகால் மீட்டர் அகலமும் உள்ள ஒரு பெட்டிக்குள் ஐந்து வாரம். கணவன் புரண்டால் தன் முழங்கால் இடிபடும் படுக்கை. மழை பெய்தால் தலைக்கு மேல் தகர மேளம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறையும், படுத்துக் குளிக்க ஒரு தொட்டியும் உள்ள விடுதியில் ஒரே ஒரு கோடை இருந்து பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை ஒருமுறைகூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவன் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த வருஷம் அந்த முகமும் இல்லாமல் போனது. வசந்தத்திலிருந்தே கெர்பென் அவளைப் பார்த்துப் பேசுவதில்லை. பேச்சு அவளிடம் இருக்கும், பார்வை ஜன்னலிலோ அடுப்பிலோ இருக்கும். என்னைப் பார்த்து அலுத்துவிட்டது இவனுக்கு என்று வீட்ஸ்கெ முடிவு கட்டி, அந்த முடிவோடு ஆயிரம் கிலோமீட்டர் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்திருந்தாள். முன் இருக்கையை நின்கெ பிடித்துக்கொண்டாள். ஏப்ரலில் நர்ஸிங் படிப்பைப் பாதியில் விட்டவள், ஏன் என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறவள், கூப்பிடாமலே இந்தப் பயணத்துக்கு வந்து சேர்ந்தாள். மலைப்பாதையில் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்றாள்.

நண்பகலுக்குத் திடலின் சொந்தக்காரி நோட்பூர்கா அம்மாள் ரப்பர் பூட்ஸும் குடையுமாக ஒவ்வொரு கேரவனாக ஏறி இறங்கினாள்.

“மழ விடாதுங்க. ஏழாவது வளைவுக்கு மேல மண்ணு எளகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரோட்ட மூடறாங்க. மூடினா எப்பத் தொறப்பாங்கன்னு சொல்ல முடியாது, ஒரு வாரம்கூட ஆகலாம்.”

“இங்க ஆபத்தா?” என்று கேட்டாள் வீட்ஸ்கெ.

“இங்க ஒண்ணும் ஆகாது. பால் இருக்கு, மாவு இருக்கு. இருக்கறவங்க இருக்கலாம், போறவங்க போகலாம். உங்க இஷ்டம்.”

“இப்பவே கெளம்பறோம்” என்று எழுந்துவிட்டான் கெர்பென்.

“இப்ப எங்க போவீங்க? மூணு மணி வரைக்கும் கீழேருந்து மணல் மூட்ட லாரி ஏறி வருது. எதிர ஒரு வண்டி விடமாட்டேன். அதோட, மதிய அமைதி நேரம்.”

அதற்கு மேல் யாரும் பேச முடியாது. இந்த நாட்டில் எந்தத் திடலுக்குப் போனாலும் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை வாசல் தடுப்புக் கட்டை இறங்கிவிடும். வண்டி நகரக்கூடாது. சுத்தியல் தட்டக்கூடாது. ரேடியோ கூடாது. மலையே இடிந்து விழுந்தாலும் மூன்று மணிக்குப் பிறகு விழுந்தால் நல்லது என்பது நோட்பூர்கா அம்மாளின் கட்சி.

“போறதுன்னா மூணு மணிக்கு வரிசையாப் போங்க. பதிவுச் சீட்ட மட்டும் எடுத்து வச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கேரவனுக்கு நடந்தாள்.

கெர்பென் கேரவன் கழிப்பறையின் கழிவுப் பெட்டியை உருட்டிக்கொண்டு காலி செய்யப் போனான். நின்கெ கேரவனை ஒட்டிக் கட்டிய முன்கூடாரத்தில் போட்டிருந்த கட்டிலில் போய்ப் படுத்தாள். வாசலில் கட்டை இறங்கும் சத்தம் கேட்டது.

வீட்ஸ்கெ பதிவுச் சீட்டைத் தேடினாள். அது எங்கே இருக்கும்? இருக்கைக்கு அடியில், கேரவன் காகிதங்கள் இருக்கும் நீலக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பைக் கெர்பென் யாரையும் தொடவிடுவதில்லை. இன்ஷூரன்ஸ், பிரேக் பரிசோதனைச் சான்று, அதற்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு தாள். சீட்டு இதுவாக இருக்கும் என்று பிரித்தாள்.

கண் மருத்துவமனைக் கடிதம் அது. மார்ச் மாதத் தேதி. கெர்பெனின் இரண்டு கண்களிலும் பார்வையின் நடுப்பகுதி அழிந்துகொண்டு வருகிறது, ஓரப் பார்வை நிற்கும், நடுப்பார்வை திரும்பாது என்று எழுதியிருந்தது. கீழே தனி வரியில், இனி எந்த வாகனமும் ஓட்டக்கூடாது என்று நோயாளிக்கு எடுத்துச் சொல்லப்பட்டது, அவர் புரிந்துகொண்டார் என்று இருந்தது.

வீட்ஸ்கெ அதை மூன்று தடவை படித்தாள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைத்துப் பயனில்லை, அதுதான் வந்தது. இனிமேல் கேரவன் கிடையாது, விட்டது பீடை என்று அவள் மனசு ஒரு கணம் துள்ளியது. அடுத்த கணமே, தன் புருஷன் கண் போகிறது என்ற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி நினைத்தோமே என்று உடம்பு கூசிப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் பயம் வந்தது. இந்தக் கண்ணோடு அவன் வீட்டிலிருந்து இதுவரை ஓட்டி வந்திருக்கிறான். மேலே ஏறும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவு. இன்னும் இரண்டு மணி நேரத்தில் அதே பதினாலிலும் இறங்கப் போகிறான், இந்த மழையில், பின்னால் ஒன்றரை டன் கேரவனை இழுத்துக்கொண்டு, உள்ளே மகளையும் வைத்துக்கொண்டு.

கெர்பென் ஈரக் காலோடு உள்ளே ஏறினான். கதவைச் சாத்தினான்.

“சீட்டு கெடச்சுதா?”

“கெடச்சுது” என்றாள் வீட்ஸ்கெ. கடிதத்தை மேசைமேல் பிரித்து வைத்தாள். “படி.”

அவன் குனிந்து பார்க்கவில்லை. மடிப்பின் அளவைத் தடவிப் பார்த்தே என்ன தாள் என்று தெரிந்துகொண்டான். மெல்ல எதிரே உட்கார்ந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்து இடத்துக்காரர் யெல்லேயின் முன்கூடாரம் ஒரு கை நீட்டினால் தொடும் தூரம். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து நலம் சொல்லிக் குரல் வரும். மதிய அமைதி நேரத்தில் திடல் முழுவதும் மழைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஆகவே இருபத்தேழு வருஷத்தில் அவர்கள் போட்ட மிகப் பெரிய சண்டையை இருவரும் கிசுகிசுப்பில்தான் போட்டார்கள்.

“மார்ச் மாசம்” என்றாள் வீட்ஸ்கெ. “நாலு மாசமா எங்கிட்ட மறச்சிருக்க.”

“சொன்னா என்ன பண்ணியிருப்ப?”

“வண்டிச் சாவியப் புடுங்கியிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

“நேத்து குழாய இடிச்சிட்டு எம்மேல பழியப் போட்ட. அத்தன பேரு முன்னாடி.”

“அது தப்புதான்” என்றான். “வாய்ல வந்துடுச்சு.”

“என் மூஞ்சி தெரியுதா உனக்கு?”

அவன் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தான்.

“மறுபடியும் அங்கயே பாக்கற. எங்கிட்ட பேசும்போது என்னப் பாரு.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றான் கெர்பென். “நேரா பாத்தா நீ இருக்கற எடத்துல சாம்பல் கலர்ல ஒரு ஓட்டதான் தெரியுது. இப்படித் திரும்பினாதான் ஓரத்துல கொஞ்சம் வர்ற.”

வீட்ஸ்கெவுக்கு இப்போதுதான் புரிந்தது. அலுப்பு என்று தான் நினைத்த அத்தனை மாதமும் இவன் தன்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பிடித்தால் சண்டை கரைந்துவிடும், மூன்று மணிக்கு அவன் வண்டியில் ஏறிவிடுவான் என்ற பயத்தில் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“நாம இங்கயே இருந்துடலாம். ரோடு மூடினா மூடட்டும்.”

“ஒரு வாரம் கழிச்சு யாரு ஓட்டுவா? அப்பவும் நான்தானே. உனக்கும் நின்கெவுக்கும் கேரவன் இழுக்கற லைசென்ஸ் கெடையாது. அப்ப என் கண்ணு இதவிட மோசமா இருக்கும்.”

“கேரவன இங்க விட்டுட்டு கார்ல போவோம். காரு நான் ஓட்டறேன்.”

“விட்டுட்டா?”

“அப்பறம் யாரையாவது அனுப்பி எடுத்துக்கலாம்.”

கெர்பென் சிரித்தான். அந்தச் சிரிப்பும் கிசுகிசுப்புதான்.

“அனுப்பமாட்ட. இருபத்தேழு வருஷமா நீ இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்த. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட்ல வீட்டுக் கதவத் தொறக்கும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் பாத்திருக்கேன். அப்ப கண்ணு நல்லா இருந்துச்சு.”

வீட்ஸ்கெவுக்குச் சற்று முன்னால் துள்ளிய தன் மனசை அவன் எட்டிப் பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

“மலைக்கு அந்தப் பக்கம் ஏரி இருக்கு” என்றான் அவன். “நம்ம மொத வருஷம் போனது. அதுக்கு இன்னும் ரெண்டு நாள். அந்தக் கரைல வண்டிய நிறுத்திட்டு நானே சாவியக் குடுத்துடறேன். ஓரத்துலயாவது ஒரு தடவ பாத்துக்கறேன், வீட்ஸ்கெ. நான் கேக்கறது அது ஒண்ணுதான். நின்கெகிட்ட மட்டும் சொல்லாத.”

“எனக்குத் தெரியும்பா” என்று ஒரு குரல் கேட்டது.

மெல்லிய தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், தலைமாட்டிலேயே கட்டில் கிடக்கிறது என்பதை இருவருமே மறந்திருந்தார்கள். முன்கூடாரத்திலிருந்து நின்கெ கேரவன் படியில் ஏறி வந்து நின்றாள். இருபது வயதுப் பெண், கண் சிவந்திருந்தது.

“எங்கிட்ட சொல்லாதன்னு அம்மாகிட்ட எதுக்குச் சொல்ற? நான்தானே உன்ன அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.”

“பழக்கத்துல வந்துடுச்சு” என்றான் கெர்பென் அசடு வழிய.

வீட்ஸ்கெ மகளைப் பார்த்தாள். “நீயுமா?”

“சத்தமாப் பேசாதம்மா.”

“முன் சீட்டு. வாந்தி வரும்னு சொன்ன.”

“நான்தான் வளைவெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேன். எடது, வலது, எதிர லாரி, அம்பது அடில பாலம். அப்பாவுக்கு நேரா கொஞ்சம் மங்கலா இருக்கும், அவ்வளவுதான். ரோட்டு ஓரமெல்லாம் நல்லாத் தெரியும். நேத்து நான் பதிவு பண்ண ஆபீஸ்ல எறங்கிட்டேன், அதனாலதான் கம்பம் போச்சு. நான் பக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆகாது.”

“அவ்வளவுதான்னு யாரு சொன்னா?”

“அப்பா சொன்னாரு.”

கெர்பென் மறுபடி ஜன்னலைப் பார்த்தான். தன்னைத்தான் பார்க்கிறான் என்று இப்போது வீட்ஸ்கெவுக்குத் தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நின்கெ, இந்தக் காகிதத்தப் படி.”

“படிச்சிருக்கேன்மா. டாக்டருங்க அப்படித்தான் எழுதுவாங்க. எனக்குத் தெரியாதா, நான் படிச்சதுதானே.”

“பாதில விட்டியே, அந்தப் படிப்பா?”

நின்கெவின் முகம் இறுகியது. சொன்ன பிறகு வீட்ஸ்கெ நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்றான் கெர்பென். “மூணு மணிக்குக் கெளம்பறோம். எறக்கம்தான், ரெண்டாவது கியர்ல வச்சா வண்டி தானாப் போகும். முப்பத்து நாலு வருஷம் ஓட்டியிருக்கேன்.”

அப்போது மணி ஒன்றே முக்கால்.

இன்னும் ஒன்றேகால் மணி நேரம். அவர்கள் மூவரும் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போக வழியில்லை. முன்கூடாரத்தைப் பிரிக்கவும் முடியாது, முளைகளைத் தட்டிப் பிடுங்கினால் சத்தம் வரும். வீட்ஸ்கெ ஊரிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்த உருளைக்கிழங்கை எடுத்து, ராத்திரி எங்கே சமைக்கப் போகிறோம் என்றே தெரியாமல் தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கால் கெர்பெனின் முழங்காலில் இடித்தது. யாரும் காலை நகர்த்தவில்லை, நகர்த்த இடமும் இல்லை.

யெல்லேயைக் கேட்கலாமா என்று யோசித்தாள். அவருக்கு அவருடைய கேரவன் இருக்கிறது, இரண்டை எப்படி ஓட்டுவார்? நோட்பூர்கா அம்மாளிடம் சொன்னால்? சொன்ன அரை மணியில் திடல் முழுக்கத் தெரிந்துவிடும். பஸ் ஓட்டி பஸ் ஓட்டியே நிமிர்ந்த முதுகு அவனுடையது. அதை நாலு பேர் முன்னால் முறிக்க அவளுக்கு மனசு வரவில்லை. நேற்று அவன் தனக்குச் செய்தது அதுதான் என்பதும் ஞாபகம் வந்தது. அதற்காகப் பழி வாங்குகிறோமோ என்று தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர் வந்து இடித்தது.

“வேணாம் கெர்பென்” என்றாள் இரண்டரை மணிக்கு.

“ஏரி வரைக்கும்தான்” என்றான்.

“கெஞ்சிக் கேக்கறேன்.”

“நானும்தான்.”

மூன்று மணி ஆயிற்று. கட்டை மேலே போனதும் திடல் ஒரே நேரத்தில் கண் விழித்தது. சுத்தியல்கள் தட்டின, கம்பங்கள் சரிந்தன, எஞ்சின்கள் உறுமின. அரைமணி நேரத்தில் முன்கூடாரம் ஈரத்தோடு சுருண்டு பைக்குள் போயிற்று. கெர்பென் காரில் ஏறி ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். கார் பின்னால் வந்து அதன் இழுவைக் குமிழ் கேரவனின் கொக்கிக்கு நேர் கீழே நிற்க வேண்டும். நின்கெ கேரவனின் முன் சக்கரப் பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கொக்கி அருகே நின்று தூரத்தைச் சொல்வது வீட்ஸ்கெவின் வேலை.

அதற்கு அவர்களிடம் தனியாக ஒரு கணக்கு உண்டு. இன்னும் எத்தனை சாண் இருக்கிறதோ அத்தனை விரல். நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. கை மூடினால் நிறுத்து. இருபத்தேழு வருஷத்தில் அவர்களுக்குள் தவறாமல் நடந்த பேச்சுவார்த்தை என்றால் அது இது ஒன்றுதான்.

பக்கத்து இடத்தில் யெல்லே தன் வண்டியை மாட்டி முடித்திருந்தார். வரிசை நகரும்வரை அவரும் அவர் மனைவியும் வழக்கம்போலக் கோப்பையோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். குழாய்க் கம்பத்தை மறுபடி இடிப்பானா என்று பார்க்கும் ஆவல் எல்லோர் முகத்திலும் இருந்தது.

கார் பின்னால் ஊர்ந்து வந்தது. ஐந்து சாண் தூரம், நாலு சாண். வீட்ஸ்கெ மழைக்கோட்டுப் பாக்கெட்டில் கைகளை விட்டுக்கொண்டாள்.

“எவ்வளவு?” என்று கேட்டான் கெர்பென்.

“நீயே சொல்லு” என்றாள் வீட்ஸ்கெ. மதியத்திலிருந்து முதல் தடவையாக முழுக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். “எத்தன விரல் காட்டறேன்?”

கார் நின்றது. அவன் அவளை நேராகப் பார்த்தான். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தான். மழை அவன் கன்னத்தில் வழிந்தது.

“மூணு” என்றான், பழைய பஸ் டிரைவர் குரலில், சந்தேகமே இல்லாமல்.

யெல்லேயின் மனைவி கோப்பையை மெல்லக் கீழே இறக்கினாள். நின்கெ குனிந்த நிலையிலேயே அம்மாவின் பாக்கெட்டுகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவள் கையிலிருந்து பிடி நழுவியது.

“அப்பா” என்றாள்.

மகளின் அந்தக் குரலிலேயே கெர்பெனுக்குப் புரிந்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, கார் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டு வந்தான்.

“எத்தன?” என்று கேட்டான் தாழ்ந்த குரலில்.

“கை பாக்கெட்ல இருக்கு.”

அவன் தலையாட்டினான். சாவியை நீட்டினான். அது அவளுக்கு ஒரு சாண் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் நீண்டது. வீட்ஸ்கெ பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து அதற்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

“மூஞ்சி கழுவிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கழுவுமிடத்தின் பக்கம் நடந்தான். ஓரப் பார்வையில் நடக்கிறவன் நடை, கொஞ்சம் சாய்வாக இருந்தது.

யெல்லே கிட்டே வந்தார். “வீட்ஸ்கெ, நாங்க வேணா இருந்துடட்டுமா?”

“வேணாம், நீங்க கெளம்புங்க. உங்க இடத்த விட்டா வரிச நின்னுடும்.”

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கட்டையைத் தாண்டின. வீட்ஸ்கெ கேரவன் படியில் உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டாள். ஒருவரும் சாகப் போவதில்லை, அவள் மகள் பதினாலு வளைவில் இறங்கப் போவதில்லை. ஆனால் ஒரு மனுஷனை நடுத்தெருவில் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தவள்போல் அவளுக்கு இருந்தது. அவன் வந்ததும் என்ன சொல்வது என்று யோசித்தாள். அந்த ஏரிக்கு ரயில் போகும், ஜன்னலோரத்தில் உன்னை உட்கார வைத்து நான் கூட்டிப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். அதை இரண்டு மணிக்கே சொல்லியிருக்கலாம். அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

“அப்பா இன்னும் வரல” என்றாள் நின்கெ.

“விடு, கொஞ்சம் தனியா இருக்கட்டும்.”

“நான் பாத்துட்டு வரேன்.”

மகள் ஓடினாள். கடைசி வண்டியும் எப்போதோ போய்விட்டிருந்தது. பெரிய மரம் ஒன்றை இழுத்துக்கொண்டு போவதுபோல் மலைக்குக் கீழே எங்கோ நீளமாக ஒரு சத்தம் கேட்டு அடங்கியது.

பத்து நிமிஷம் கழித்து நோட்பூர்கா அம்மாள் வந்தாள். ஓடி வந்திருக்கிறாள், குடை இல்லை. கையில் ஒரு தாளும் பென்சிலும்.

“ஏழாவது வளைவுல மண்ணு விழுந்துடுச்சு. நல்லவேள, வண்டியெல்லாம் தாண்டிடுச்சு. இனி ஏறவும் முடியாது, எறங்கவும் முடியாது. மேல எத்தன பேரு இருக்கோம்னு தீயணைப்புக்காரங்க கேக்கறாங்க.” தாளில் பென்சிலை வைத்தாள். “பதினேழாம் நம்பர், மூணு பேர்தானே?”

வீட்ஸ்கெ ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தபோது நின்கெ கழுவுமிடத்திலிருந்து ஓடி வந்தாள். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

“அங்க இல்லம்மா. துணி தோய்க்கறவங்க பாத்தாங்களாம். யெல்லே வண்டி போன பின்னாடியே கட்டயத் தாண்டி ரோட்டுல எறங்கி நடந்து போனாராம்.”

மூவருமே வாசல் பக்கம் திரும்பினார்கள். ரோடு முதல் வளைவுவரை காலியாகக் கிடந்தது.

“மூணுதானே?” என்று மறுபடி கேட்டாள் நோட்பூர்கா அம்மாள், இந்த முறை மெதுவாக.

“மேல ரெண்டு. ரோட்டுல ஒருத்தர்” என்றாள் வீட்ஸ்கெ.